முதல் தட்டு வேறு, முதல் பாட்டு வேறு

கேள்வி: என் மகன் எந்நேரமும் ஜாஸ் போடுகிறான். எனக்கு ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுப்பதுபோல் கேட்கிறது. 'இது கறுப்பின மக்களின் இசை' என்கிறான். ஆனால் முதல் ஜாஸ் இசைத்தட்டை 1917இல் வெள்ளையர்கள்தான் வாசித்தார்கள் என்று படித்தேன். எது சரி? நான் எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் சரி. 1917 பிப்ரவரியில், நியூயார்க்கில், விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக வாசித்த 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' ஐவருமே வெள்ளையர்கள். ஆனால் ஐவரும் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். அந்த ஊர்த் தெருக்களில் இந்த இசை அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கார்னெட் (ட்ரம்பெட் மாதிரியான ஊதுகருவி) ஊதிப் பெயர் வாங்கிய கறுப்பினக் கலைஞர் பட்டி போல்டன், 1907இல் மனநல மருத்துவமனைக்குப் போனவர். 1931இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. அவர் வாசித்ததில் ஒரு நிமிடம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஃப்ரெடி கெப்பார்ட் என்ற இன்னொரு கறுப்பினக் கலைஞர், தன் வித்தையைத் திருடிவிடுவார்கள் என்று பயந்து, தேடி வந்த ரெக்கார்டிங் வாய்ப்பை மறுத்தார் என்று ஒரு கதை உண்டு. விரல் தெரியாமலிருக்க அதன்மேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வாசிப்பாராம்!

ஏன் அந்த ஊர்? அங்கே அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கோ சதுக்கத்தில் கூடி, முரசடித்து ஆட முடிந்தது. இன்னொரு பக்கம், ஐரோப்பிய முறையில் நொட்டேஷன், அதாவது எழுதிய இசைக்குறிப்பு, படித்துத் தேறிய, கலப்பினத்தவரான கிரியோல்கள். 1890களில் இனப் பிரிவினைச் சட்டங்கள் இறுகியதும், கிரியோல்களையும் 'கறுப்பர்' என்று ஒரே பக்கம் தள்ளினார்கள். படித்து வாசித்தவர்களும் கேள்வி ஞானத்தில் வாசித்தவர்களும் ஒரே பேண்டில் உட்கார வேண்டியதாயிற்று. சவ ஊர்வலத்திலும் பேண்டுதான்: கல்லறை வரை மெதுவான சோகப் பாட்டு, திரும்பும்போது ஆட்டம் போட வைக்கும் பாட்டு.

அப்புறம், ஆளாளுக்கு ஒரு பக்கம் என்றீர்களே, உங்கள் காதில் கோளாறில்லை. நியூ ஆர்லியன்ஸ் பாணியே அதுதான். கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொள்ளும், கிளாரினெட் என்ற குழல் அதற்கு மேலே சுற்றி ஓடும், டிராம்போன் என்ற பெரிய ஊதுகருவி அடியில் வழுக்கிப் போகும். முதலில் கார்னெட்டை மட்டும் பின்தொடருங்கள்.

பிறகு ஜாஸ் மாறிக்கொண்டே போனது. 1930களில் பெரிய பேண்டுகள் வாசித்த ஸ்விங் என்ற பாணி, நடனத்துக்கானது. 1940களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லஸ்பியும் வேகத்தைக் கூட்டி, உட்கார்ந்து கேட்கும் பீபாப் என்ற பாணிக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் மகன் போடுவது அதற்குப் பிந்தியதாக இருக்கலாம். அதில் நேராகக் குதித்தால் யாருக்கும் தலை சுற்றும்.

லூயி ஆம்ஸ்ட்ராங் 1928இல் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' போடச் சொல்லுங்கள். மூன்றே கால் நிமிடம்தான். துணையில்லாமல் ட்ரம்பெட் தனியாக ஏறி இறங்கித் தொடங்கும். நடுவில் கிளாரினெட் ஒரு வரி வாசிக்க, ஆம்ஸ்ட்ராங் வார்த்தையே இல்லாமல் குரலால் பதில் சொல்வார். கடைசிப் பகுதியில் ஒரே உச்ச சுரத்தை விடாமல் நிறுத்தி வைத்திருப்பார். அந்த இடத்தில் மகனைப் பேச விடாதீர்கள்.