டிரெசர் சொன்ன கதைகள்

வணக்கம் ஐயா,

நான் பதிவு பெற்ற மனநல ஆலோசகர். தோட்டப்புற ஊர் ஒன்றில் வேலை செய்கிறேன். மனநலம் என்றாலே நம் மக்கள் பயப்படுகிறார்கள் என்பதால் போன வருடத்திலிருந்து டிக்டாக்கில் தமிழில் சிறு வீடியோக்கள் போடுகிறேன். ‘மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி’ என்று பேசினால் 300 பேர் பார்ப்பதே பெரிது. ஒருமுறை என்னிடம் வந்த ஒரு பெண்மணியின் கதையை, அவரிடம் கேட்டுக்கொண்டு, பெயரை மாற்றிச் சொன்னேன். 60,000 பேர் பார்த்தார்கள். பலர் அழுதுவிட்டதாக எழுதியிருந்தார்கள்.

நீங்கள் கதை எழுதுபவர். ஒன்றரை நிமிடத்தில் மனத்தில் தைக்கும்படி ஒரு கதையைச் சொல்வது எப்படி? எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது? பின்னணி இசை வேண்டுமா? ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாட்டுக் கோளாறு பற்றி ‘உங்களுக்கு ஏடிஎச்டி இருப்பதற்கான ஐந்து அறிகுறிகள்’ மாதிரியான வீடியோக்களுக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது. அவற்றையும் செய்யலாமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். கடிதத்தில் இருந்த வேறு சில வரிகளையும் எடுத்துவிட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு இல்லாதவர் ஆலோசகர் என்று பெயர் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் ‘ஹீலர்’, ‘லைஃப் கோச்’ என்று போட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் போனைத் தூக்கிக்கொண்டு பேசலாம், கேட்க ஆளில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, படித்துப் பதிவு செய்த ஒருவர் நம் தமிழில் நம் ஆட்களிடம் பேசுவது பெரிய காரியம். நீங்கள் அதைச் செய்வதால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

இசை வேண்டாம். ஐந்து அறிகுறிகளும் வேண்டாம். 2022இல் வெளிவந்த கனடிய ஆய்வு ஒன்று, டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 ஏடிஎச்டி வீடியோக்களை எடுத்துச் சலித்துப் பார்த்தது. 52 வீடியோக்கள் தப்பும் தவறுமானவை. 53ஆவதை நீங்கள் போட வேண்டாம். பேனாவைத் தொலைக்கிறவன், பாதி வேலையில் எழுந்து போகிறவன் எல்லாம் அந்த ஐந்தில் மூன்றில் விழுந்துவிடுவான். அப்புறம் அவனை உட்கார வைத்து இல்லையப்பா என்று சொல்வதும் உங்கள் தலையில்தான் விழும்.

கதையை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது இரண்டு கட்டில், ஒரு மேசை, டிங்க்சர் வாசனை, ஒரு டிரெசர், அதாவது மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் மருத்துவ உதவியாளர். அருமையான மனிதர். நடு ராத்திரியில் கதவைத் தட்டினாலும் சட்டையை மாட்டிக்கொண்டே வருவார். கதை சொல்வதிலும் மன்னன். சாயங்காலம் மளிகைக்கடை பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தால் சுற்றி ஆள் கூடிவிடும். ஒருபோதும் யார் பெயரையும் சொல்ல மாட்டார். “இன்னைக்கு ஒரு பொம்பள வந்துச்சுப்பா” என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒருநாள், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவளுக்கு ராத்திரியில் தூக்கமே இல்லையாம். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போக விடியுமுன் எழுந்தால், கை தானாகப் போய்த் தொட்டில் கயிற்றைத் தேடுகிறதாம். தேடுவது எப்படி என்று இருட்டில் துழாவுகிற மாதிரி கையை நீட்டிக் காட்டினார். கடைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்தில் நின்ற கங்காணி என் தலையை மெதுவாகத் தடவிக்கொடுத்தார். எதற்குத் தடவுகிறார் என்று நிமிர்ந்து பார்த்தபோதுதான், அந்தப் பொம்பள என் அத்தை என்பது எனக்கு உறைத்தது.

அத்தையை யாரும் ஏசவில்லை, கேலி பேசவில்லை. எல்லோருக்கும் பாவமாக இருந்தது. குழாயடிக்கு அவர் போனால் பேச்சு நின்றுவிடும். தங்கள் வாளியை நகர்த்திவிட்டு, “நீ புடிச்சுக்கக்கா” என்று வழி விடுவார்கள். அதைத் தாங்க முடியாமல் அத்தை மத்தியான வெயிலில், ஆளில்லாத நேரமாகப் பார்த்து, சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரைப் பிடிக்கப் போக ஆரம்பித்தார். டிரெசரிடம் மறுபடி போகவேயில்லை. முற்றிப்போய், கடைசியில் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 1911இல் திறந்த மனநல ஆஸ்பத்திரி அது. அந்த ஊரின் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். ஆனால் அத்தையை அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்து பல வருடம் மரம் சீவினார்.

டிரெசர் பெயரைச் சொல்லவில்லை, பாருங்கள். பொய் சொல்லவில்லை. கேட்டவர்களை அழவும் வைத்தார். உங்கள் வீடியோவில் இருந்த எல்லா நல்ல அம்சமும் அவரிடம் இருந்தது.

பெயரை மாற்றிவிட்டேன் என்கிறீர்கள். நம் ஊர்களில் பெயர் யாருக்கு வேண்டும்? நாற்பது வயது, செம்பனைத் தோட்டத்தில் வேலை, புருஷன் லோரி ஓட்டுகிறார், மூத்தவன் சிங்கப்பூரில் என்று சொன்னால் போதும், எந்தத் தாமான் குடியிருப்பு, எத்தனையாவது வீடு என்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். சரி, வயதையும் வேலையையும் மாற்றுகிறேன் என்பீர்கள். மாற்றினால் அந்த அடையாளத்துக்குப் பொருந்துகிற இன்னொருத்தி மாட்டுவாள். அவள் உங்கள் வாசலை மிதித்தே இருக்க மாட்டாள்.

இதில் பெரிய பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். மனப்பகுப்பாய்வைத் தொடங்கி வைத்த ஃபிராய்ட் 1905இல், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணின் கதையை ‘டோரா’ என்று பெயர் வைத்து வெளியிட்டார். சிகிச்சை 1900ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிந்துபோனது. எழுதி வருடக்கணக்காகக் கையிலேயே வைத்திருந்தார். அவள் வாழ்க்கை வியன்னாவில் நடக்கவில்லை, எங்கோ தூரத்துச் சிற்றூரில் நடந்தது, அதனால் வியன்னாக்காரர்களுக்கு ஆள் தெரியாது என்று முன்னுரையில் சமாதானமும் சொன்னார். இன்றைக்கு ஐடா பாவர் என்ற அவளுடைய நிஜப் பெயர் இணையத்தில் ஒரு தட்டில் கிடைக்கிறது. அவருக்காவது ஒளித்து வைக்க ஒரு சிற்றூர் கிடைத்தது. நீங்கள் அந்தச் சிற்றூரிலேயே உட்கார்ந்துகொண்டு, அந்தச் சிற்றூர்க்காரர்களுக்கே சொல்கிறீர்கள்.

அப்புறம் அந்த அனுமதி. கேட்டேன், சரி என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் கேட்டீர்கள்? அடுத்த வாரம் மறுபடி உங்கள் முன்னால் வந்து உட்கார வேண்டியவரிடம், உங்களை விட்டால் மனசைக் கொட்ட வேறு ஆளில்லாதவரிடம் கேட்டீர்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கிராணிக்கும், வாத்தியாருக்கும், டிரெசருக்கும், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த யாருக்கும் சரி என்றே சொல்லிப் பழகியவர்கள். அந்தச் சரியைக் கையெழுத்தாக எடுத்துக்கொள்ளும் உரிமையை உங்கள் படிப்பு உங்களுக்குக் கொடுக்கவில்லை.

நீங்கள் மட்டும் ஊரார் கதையை எழுதலாமோ என்று கேட்பீர்கள். என்னிடம் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதில்லை. இவன் எழுதுகிறவன் என்று தெரிந்தே சொல்கிறார்கள், பாதிப் பேர் பொய்யும் சொல்கிறார்கள். உங்களிடம் வருகிறவர் உண்மையைச் சொல்லத்தான் வருகிறார்.

எனக்கு அந்தப் பெண்மணியைவிட இன்னொருவரைப் பற்றித்தான் அதிகக் கவலை. அன்று பெஞ்சைச் சுற்றி நின்று அழுதவர்கள் அதற்குப் பிறகு காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் டிரெசரிடம் போனார்கள். மனசில் இருந்ததைச் சொல்லப் போகவில்லை. உங்கள் 60,000 பேரில் உங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் இருந்திருப்பார். வருவோமா வேண்டாமா என்று மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தவர். அழுது, லைக் போட்டு, ‘இந்தப் பிள்ளையிடம் வாயைத் திறக்கக் கூடாது’ என்றும் முடிவு செய்திருப்பார். அவர் வரவில்லை என்பதுகூட உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

பின்னே எதைத்தான் பேசுவது? எவ்வளவோ இருக்கிறதம்மா. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த நம் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. இது தெரியாமல், ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதைச் சொல்லுங்கள். சொல்லும்போது யார் எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரம் ஒரு வார்த்தைகூட வரக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்தே ஊடகங்களுக்குச் சொல்லி வருவது இது, உங்களுக்குத் தெரியாததா. 15555 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கொடுத்து நம்பர் எடுத்தால் அடுத்து யார் கூப்பிடுவார், என்ன கேட்பார் என்று காட்டுங்கள். தமிழ் தெரியாத டாக்டரிடம் மலாயில் ‘சுசா தீடோர்’, தூக்கம் வரவில்லை என்றாவது சொல்ல வேண்டும், வெறும் தலைவலி என்று சொல்லி பனடோலோடு திரும்பிவிடக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். மனநலத்துக்கு டாக்டர் கொடுக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு லோரி ஓட்டலாமா, காலை நாலு மணிக்கு எழுந்திருக்க முடியுமா, எத்தனை நாள் போட வேண்டும்? எங்கள் பக்கத்தில் என்னிடம் கேட்கிறார்கள் இதையெல்லாம். நான் கதை எழுதுகிறவன், எனக்கு என்ன தெரியும்!

இதை 300 பேர்தான் பார்ப்பார்கள் என்றால் பார்க்கட்டும். கிளினிக் கவுண்டர் வரை போகத் துணிந்த 300 பேர் உங்கள் வட்டாரத்தில் இருந்தால் அது சின்னக் கூட்டமில்லை.

அந்த வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்டு இன்னொரு வீடியோ போடாதீர்கள். பார்க்காமல் விட்டவர்களும் அது யாருடைய கதை என்று தேடக் கிளம்புவார்கள். அந்தப் பெண்மணியிடம் மட்டும், எடுத்துவிட்டேன் என்று நேரில் சொல்லுங்கள். “பரவாயில்லை மிஸ்” என்பார். அந்தப் பரவாயில்லையையும் நம்பிவிடாதீர்கள்.