எ கொயட் பிளேஸ் 2: பிள்ளைகளோடு பார்க்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: என் மகனுக்கு 9 வயது. முதல் பாகம் பார்த்ததில்லை. நேராக இரண்டாம் பாகத்தைக் காட்டலாமா?

ப: வேண்டாம். முதல் பாகம் விட்ட இடத்திலிருந்துதான் இது தொடர்கிறது. அப்பா எங்கே போனார், சத்தம் கேட்டால் பாய்ந்து வந்து கொல்லும் அந்த ஜந்துக்களைக் காது கேட்காத மகளின் செவிக்கருவி எழுப்பும் இரைச்சல் ஏன் முடக்குகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. சரி, அதையே முதலில் காட்டலாம் என்றால், இரண்டில் கொடுமையானது அதுதான். தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் நாலு வயதுப் பையன் பலியாகிறான். படிக்கட்டில் காலில் ஏறும் ஆணியும், வாய் திறந்து கத்த முடியாத பிரசவமும் அதற்குப் பிறகு. மகனுக்கு 12, 13 ஆகட்டும். அப்போதும் முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள்.

கே: சார், அந்த இரண்டாம் பாகம் ஃபேமிலியோட பார்க்கலாமா? சீக்கிரம் பதில் போடவும்.

ப: எந்தப் படத்தின் இரண்டாம் பாகம்? ஃபேமிலியில் யார் யார், என்ன வயது? அடுத்த முறை இவற்றையும் எழுதினால் சீக்கிரம் பதில் போடுகிறேன்.

கே: அமெரிக்காவில் பிஜி-13, பிரிட்டனில் 15 என்கிறார்கள். எதை நம்புவது?

ப: இரண்டும் ஒரே வகை அல்ல. பிஜி-13 பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே; பத்து வயதுப் பிள்ளைக்கும் அங்கே டிக்கெட் கிடைக்கும். பிரிட்டனின் 15 தடை. அப்பா அம்மா கூட வந்தாலும் 15 ஆகாதவர்களை அரங்கில் விட மாட்டார்கள். நம் ஊரில் பழைய யு/ஏ-வை இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அதுவும் எச்சரிக்கைதான், தடை அல்ல. இந்தப் படத்தைப் பொறுத்தவரை பிரிட்டன்காரர்கள் பக்கம்தான் நியாயம். சுலபமாகப் பயப்படாத பிள்ளை என்றால் 13 போதும்.

கே: ரத்தம் அதிகம் இல்லை என்று நண்பர் சொன்னார். முத்தக் காட்சி, கெட்ட வார்த்தை இருக்கிறதா? இல்லையென்றால் 8 வயது மகளுக்கும் 5 வயது மகனுக்கும் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறோம்.

ப: மாதாமாதம் இதே கேள்வி. முத்தம் வந்தால் ரிமோட்டைத் தேடுகிற கை, குழந்தை மூச்சுக்குத் திணறும் காட்சியில் முறுக்கைத் தேடிப் போய்விடுகிறது! கூச்சப்பட இந்தப் படத்தில் ஒன்றும் இல்லை. அமெரிக்கத் தணிக்கைக் குழு சொன்ன காரணங்கள் அச்சம், வன்முறை, ரத்தமும் மனத்தை உலுக்கும் காட்சிகளும். அவ்வளவுதான். ஐந்து வயதுப் பையனின் தூக்கத்தைக் கெடுக்க அதுவே தாராளம்.

என்னென்ன வருகிறது என்று வரிசையாகச் சொல்கிறேன். கதை தெரிந்துவிடும் என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம். முதல் பத்து நிமிடம்: சிறுவர்கள் பேஸ்பால் ஆடும் மைதானம், வானத்தில் தீப்பிழம்பு, பிறகு ஊரே சிதறி ஓடுகிறது. சத்தம் மிக அதிகம். அடுத்து, மகன் மார்கஸ் கரடிப்பொறியில் காலை வைத்துவிடுகிறான். அந்த அலறல்தான் படத்திலேயே பிள்ளைகளை அதிகம் கலங்கடிப்பது. அம்மா அவன் வாயைப் பொத்திக்கொண்டே பொறியைத் திறக்கப் பார்க்கிறாள். பிறகு உருக்காலை. காற்றுப் புகாத உலைக்குள் மார்கஸும் கைக்குழந்தையும் ஒளிகிறார்கள், கதவு தாழ் விழுந்துகொள்கிறது, சிலிண்டரில் ஆக்சிஜன் குறைகிறது. இங்கே ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, ஆனால் வீட்டில் தம்பிப் பாப்பா உள்ள பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். ரயில் பெட்டியில் பிணங்கள், திடுக்கென்று ஒன்று. கடைசியாகப் படகுத்துறை: ஒரு சிறுமியைத் தூண்டிலாக நிறுத்தி மனிதர்களே மனிதர்களை வளைக்கிறார்கள். ஜந்துவைப் பார்த்துச் சிரிக்கிற பன்னிரண்டு வயதுக்காரர்கள்கூட இந்த இடத்தில் அம்மா பக்கம் நகர்ந்து உட்காருவார்கள்.

இதில் எது ரத்தக் கணக்கில் வரும்? பிள்ளை பயப்படுவது ரத்தத்துக்கு அல்ல, தன் வயதுக்காரனுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு. இந்தப் படத்தில் ஆபத்து நேர்வதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான். மகள், மார்கஸ், கைக்குழந்தை மூன்று பேரும் பிழைத்துவிடுகிறார்கள், அது ஒரு ஆறுதல். ஆனால் அது தெரிய ஒன்றரை மணி நேரம் ஆகும். மகளுக்கு இன்னும் நாலைந்து வருடம் போகட்டும். மகன் பேச்சே வேண்டாம். "அவன் பாட்டுக்கு மூலையில் விளையாடுவான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அலறல் மூலைக்கும் கேட்கும்.

கே: டிவியில் பேச்சு கேட்கவே இல்லை. சவுண்டை ஏற்றினால் திடீரென்று வெடிக்கிறது. டிவி பழுதா?

ப: பழுது இல்லை. படத்தை எடுத்த விதமே அப்படி: முணுமுணுப்புக்கும் அலறலுக்கும் நடுவே பெரிய இடைவெளி. நீங்கள் முணுமுணுப்புக்கு ஏற்றி வைத்தால் அலறல் சுவரைப் பெயர்க்கும். தொடக்கக் காட்சியில் ஊர் ஓடும்போது வால்யூமைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் தொடாதீர்கள். சவுண்ட்பார் இருந்தால் பெரிய சத்தத்தை அடக்கும் நைட் மோடு போடுங்கள். டிவி ஸ்பீக்கர் மட்டும் என்றால் ஆடியோவை 5.1-இலிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள், பேச்சு மேலே வரும். சப்டைட்டில் கட்டாயம். ஃபேனைக் குறையுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஹெட்ஃபோன் மாட்டாதீர்கள்; பயம் நேரே காதுக்குள் போகும்.

கே: என் மகளுக்குக் காது கேட்காது, வயது 14. அவள் பார்க்கலாமா?

ப: தாராளமாக. கதையின் நாயகியே காது கேட்காத பெண், நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸும் அப்படியே. அவள் பார்வையில் கதை போகும்போது படத்தின் ஒலியே அடங்கிவிடும். சைகை மொழி அமெரிக்காவுடையது, நம் இந்தியச் சைகை மொழி அல்ல. உங்கள் மகளுக்கு அது அப்படியே புரியாது. சப்டைட்டில் பட்டியலில் 'சிசி' (பேச்சோடு ஓசைகளையும் எழுத்தில் காட்டுவது) என்று போட்டதைத் தேர்ந்தெடுங்கள். சில வரிசைகளில் சைகைக்கு மட்டும் எழுத்து வரும், பேச்சுக்கும் ஓசைக்கும் வராது. வழக்கம்போல, நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள்.

கே: பார்த்ததிலிருந்து 11 வயது மகன் தனியாகத் தூங்க மறுக்கிறான்.

ப: "சும்மா கதைதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவனுக்கும் தெரியும். அந்த ஜந்துவைக் கணினியில் எப்படி உருவாக்கினார்கள் என்ற படப்பிடிப்பு வீடியோக்களைப் பகல் வெளிச்சத்தில் சேர்ந்து பாருங்கள். கதவைத் திறந்து வையுங்கள், சின்ன விளக்கு எரியட்டும். எந்த இடம் பயமாக இருந்தது என்று கேட்டு, அவன் சொல்லும்வரை காத்திருங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் மாறாவிட்டால் குழந்தைகள் மருத்துவரிடம் சொல்லுங்கள். இனி ஹாரர் படம் மாலை ஆறுக்கு முன்னால் மட்டும்.

கே: 1986-இல் வந்த ஏலியன்ஸ் படத்திலும் ஒரு சிறுமி வருகிறாளே, 13 வயது மகனுக்குக் காட்டலாமா?

ப: சிறுமி வந்தால் சிறுவர் படமா? அமெரிக்காவில் அது ஆர்; 17 ஆகாதவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். வசவுகள் ஏராளம், மார்பைப் பிளந்து ஜந்து வெளியே வரும், 137 நிமிடம். 16 ஆகட்டும்.

கே: இதே வரிசையில் வந்த 'எ கொயட் பிளேஸ்: டே ஒன்' படத்தில் பூனை சாகுமா? மகள் கேட்கிறாள்.

ப: சாகாது. ஆனால் பூனையை வளர்ப்பவள் மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் புற்றுநோயாளி. அதையும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.