ஆற்றுத் திட்டில் ஒரு புள்ளி: 15,000 ரூபாய் கேட்கும் ஆள் எதற்கு?

கேள்வி: பாளையங்கோட்டையில் புவியியல் ஆசிரியையாக இருக்கிறேன். அட்சரேகையும் தீர்க்கரேகையும் விநாடி மிச்சமில்லாமல் முழு நிமிடத்தில் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு விநாடி) வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளி, சீவலப்பேரிக்குக் கீழே தாமிரபரணி நடுவில் உள்ள மணல் திட்டில் விழுகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகள் எட்டுப் பேரை அங்கே நிற்கவைக்க ஆசை. “அனுமதிக் கடிதம், கருவி, ஆள் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்” என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில் (ஓய்வுபெற்ற நில அளவர்):

கொடுக்காதீர்கள் டீச்சர். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அந்த ஆள் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். “ஆத்துக்குள்ள டவர் கிடைக்காது, உங்க போன் வேலை செய்யாது” என்றிருப்பார். ஜிபிஎஸ்ஸுக்குச் செல்போன் டவர் தேவையே இல்லை. அது செயற்கைக்கோளிலிருந்து நேரே வருகிற சமிக்ஞை. வீட்டிலேயே அந்தப் பகுதி மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் தேவையில்லை. மரத்தடியில் நிற்காமல், வானம் திறந்த இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்றால், சாதாரண போனே ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். திரையில் ஆறு தசம இலக்கம் தெரிகிறதே என்று கடைசி இலக்கத்தைத் துரத்தாதீர்கள். ஆறாவது இலக்கம் வெறும் 11 சென்டிமீட்டர். அந்த நுணுக்கம் போனுக்குக் கிடையாது.

அனுமதிக் கடிதம் என்பது இன்னொரு ஏமாற்று. ஆற்றுப் புறம்போக்கில் நின்று போனில் ஓர் எண்ணைப் பார்க்க எவரும் விலைக்குக் கடிதம் தர முடியாது. வரைபடத் தகவல் சேகரிக்க இந்தியர்களுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று 2021 பிப்ரவரியிலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. ஆனால் இதைக் கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் “இங்கே இல்லை, அங்கே கேளுங்கள்” என்பார்கள். நேரான பதில் கிடைக்காததால்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். முப்பது வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் வாங்க வேண்டியவை தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்.

அடுத்து, எண்ணைப் போனில் அடிக்கும்போது கவனம். 8 டிகிரி 45 நிமிடம் என்றால் 8.75. அதை 8.45 என்று அடித்தால் 33 கிலோமீட்டர் தெற்கே, நாங்குநேரியையும் தாண்டிப் போய் நிற்பீர்கள். நிமிடத்தை அறுபதால் வகுத்து அடியுங்கள்.

அந்தப் புள்ளியை எந்த மேப்பில் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. போன் மேப் என்றால் கவலையில்லை. பள்ளிக்கூடப் பீரோவில் கிடக்கும் பழைய சர்வே மேப் என்றால் விஷயம் வேறு. அந்த மேப்புகள் 1830-ல் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற பிரிட்டிஷ் நில அளவர் கணக்கிட்ட பூமியின் அளவை வைத்து வரைந்தவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு அளவை. எண் ஒன்றாக இருந்தாலும், நம் பக்கத்தில் இடம் நூறு மீட்டருக்கு மேலேயே தள்ளிப் போகும். வயக்காட்டில் நூறு மீட்டர் பெரிதில்லை. ஆற்றில் அது திட்டா, தண்ணீரா, எதிர்க்கரையா என்பதையே மாற்றிவிடும். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு சர்வே துறை பொதுமக்களுக்காகப் போட்ட மேப்புகள் புது அளவையில் இருக்கின்றன, அவற்றை நம்பலாம். நிலத்தின் எல்லை காட்டும் புலப்படத்தை (எஃப்எம்பி) எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது சங்கிலி பிடித்து அளந்தது, அதில் அட்சரேகையே இருக்காது.

இனி ஆறு. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஜூன், ஜூலையில் நம் ஊரில் வெயில் கொளுத்தும், காற்று அடிக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது. அதே நாளில் பொதிகையில் மழை கொட்டும், பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பார்கள். காலையில் முழங்கால் அளவு இருந்தது சாயங்காலம் இடுப்புக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிசான நெல் அறுவடை முடிந்து ஆறு மெலிந்த பிறகு, ஏப்ரலில் போங்கள். அப்போதும் மணல் அள்ளிய குழிகள் இருக்கும். மேலே தெளிந்த தண்ணீர், காலை வைத்தால் கசம். உள்ளூரில் ஆடு மேய்க்கிற, வலை போடுகிற ஒருவரை முன்னால் நடக்கவிட்டு, அவர் மிதித்த இடத்தில் மட்டும் மிதியுங்கள். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள், அது நியாயமான செலவு. முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் பிள்ளைகள் இறங்கவே கூடாது.

திட்டு இடம் மாறும், எண் மாறாது. நீங்கள் பார்த்த செயற்கைக்கோள் படம் வெள்ளத்துக்கு முந்தியதாக இருந்தால், அந்தப் புள்ளி இப்போது ஓடுகிற தண்ணீரில் இருக்கலாம். அப்படியானால் கரையிலேயே நின்று, எந்தத் திசையில் எத்தனை மீட்டர் என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு விநாடிக்கு நம் ஊரில் ஏறத்தாழ 31 மீட்டர். அதுவும் நல்ல பாடம்தான்.

ஆற்றில் தண்ணீர் குறையவே இல்லையென்றால் எட்டயபுரத்துக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடுவே கூட்டிப்போங்கள். நிமிடம்கூட மிச்சமில்லாமல் 9 டிகிரி வடக்கும் 78 டிகிரி கிழக்கும் சந்திப்பது அந்தக் கரிசல் காட்டில்தான். பழைய திருநெல்வேலி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் தரையில் முழு டிகிரிச் சந்திப்பு அது ஒன்றுதான். புஞ்சைக்காரரிடம் கேட்டுவிட்டு, விதைப்பு இல்லாத மாதமாகப் பார்த்து இறங்குங்கள்.