பாட்டியிடம் விட்டுக்கொடுக்க வேண்டியதும் கூடாததும்

சின்னக் குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் விடுவது பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பெரியவர்களோடு மல்லுக்கட்டும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அவர்கள் செய்வது குழந்தையின் உடம்புக்குக் கெடுதலா, இல்லை நமக்குப் பிடிக்காத பழக்கம்தானா? கெடுதல் என்றால் துளியும் இறங்கி வர வேண்டாம். பிடிக்காத பழக்கம் என்றால் தாராளமாக விட்டுக்கொடுங்கள்.

நான்கு மாதக் குழந்தைக்கு மாமியார் தேனில் உரைமருந்து குழைத்து நாக்கில் தடவுகிறார். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார். எதைத் தடுப்பது, எதை விடுவது? (கோவை)

தேன் முதலில் நிற்க வேண்டும். ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகைச் சத்தம் குறைவது, பால் உறிஞ்சத் தெம்பில்லாமை, கழுத்து துவள்வது என்று போகும். அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. மலைத்தேனும் கடைத்தேனும் இதில் ஒன்றுதான்.

உரைமருந்தில் வசம்புதான் கவலை. அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை கொண்டது, வாந்தியை உண்டாக்கும். கல்லில் எத்தனை சுற்று உரைத்தால் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அது அடங்காது. பிறந்த குழந்தையின் மார்பில் பால் கட்டியிருக்கிறது என்று பிதுக்குவது, உரம் விழுந்தது என்று தூக்கிக் குலுக்குவது, தேங்காய் எண்ணெயில் சூடம் காய்ச்சி நெஞ்சில் தடவுவது, பூச்சிக்கென்று வேப்பெண்ணெய் புகட்டுவது ஆகியவையும் இதே பட்டியல். சூடமும் வேப்பெண்ணெயும் உள்ளே போனால் வலிப்பு வரும்.

விட்டுக்கொடுக்கவும் நிறைய இருக்கிறது. காலில் போட்டுக் குளிப்பாட்டட்டும். தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பார்த்துக்கொண்டால் போதும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தேய்த்துவிடட்டும், நன்றாகத் தூங்கும். கண்ணில் மை வேண்டாம், உள்ளங்காலில் பொட்டு வைக்கலாம். சாம்பிராணியை வீட்டில் காட்டிக்கொள்ளட்டும், குழந்தையை அதன்மேல் பிடிக்க வேண்டாம்.

எப்படிச் சொல்வது என்பதுதான் உண்மையான சிக்கல். மருமகள் சொன்னால் அது சண்டை. மருத்துவர் சொன்னால் அறிவுரை. அடுத்த தடுப்பூசிக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். "தேன் கொடுக்கலாமா டாக்டர்?" என்று அவர் எதிரிலேயே கேளுங்கள். பேச வேண்டியது உங்கள் கணவர் என்றால் அவரே பேசட்டும். அம்மாவிடம் மகன் சொல்வது வேறு.

ஒன்றரை வயதுப் பேரனுக்கு என் அம்மா செல்போனைக் காட்டித் தெருவெல்லாம் சுற்றி ஒரு மணி நேரம் ஊட்டுகிறார். போன் இல்லாவிட்டால் வாயே திறப்பதில்லை. (மதுரை)

படம் பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தைக்குப் பசி தீர்ந்ததும் தெரியாது, ருசியும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது: 2 வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஆனால் அம்மாவிடம் போனை நிறுத்தச் சொல்லும் முன், அளவைச் சொல்லுங்கள். பெரியவர்கள் துரத்தி ஊட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம், குழந்தையின் வயிற்றுக்கு எவ்வளவு போதும் என்று தெரியாததுதான். ஒன்று முதல் இரண்டு வயதுவரை ஒரு வேளைக்கு 250 மி.லி. கிண்ணத்தில் முக்கால் முதல் முழுக் கிண்ணம்வரை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. அந்தக் கிண்ணத்தை வாங்கி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.

பாலையும் பாருங்கள். மூன்று நான்கு டம்ளர் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோறு எப்படி இறங்கும்? ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் போனால் இரும்புச்சத்தும் குறையும். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். கீழே உட்கார வைத்து, ஒரு தட்டில் கொஞ்சம் பருப்புச் சோற்றை அதன் கைக்கே விடுங்கள். பாட்டியும் பக்கத்தில் சாப்பிடட்டும். இருபது முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும், மீதி இருந்தாலும். முதல் சில நாட்கள் குறைவாகத்தான் சாப்பிடும். அந்த நாட்களில்தான் பாட்டி மனம் இளகிப் போனை எடுப்பார்; அப்போது நீங்களும் வீட்டில் இருக்கிற மாதிரி விடுமுறையில் தொடங்குங்கள்.

மே மாதம் முழுக்க மூன்று வயது மகளைத் தென்காசிப் பக்கம் கிராமத்தில் என் அப்பா அம்மாவிடம் விடப் போகிறேன். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? (சென்னை)

தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு நாள் போய், வீட்டை உங்கள் மகளின் உயரத்திலிருந்து பாருங்கள். தரையில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

முதல் ஆபத்து மாத்திரை. அம்மாவின் சுருக்குப்பை, தலையணை அடி, டிவி மேலே இருக்கும் எவர்சில்வர் டப்பா, சட்டைப்பை எல்லாவற்றையும் தேடுங்கள். சர்க்கரைக்கான க்ளிமிபிரைடு, க்ளிபென்க்ளமைடு போன்ற மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அதுவும் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். "விளையாடிக்கிட்டுத்தானே இருக்கா" என்று வீட்டில் வைத்துக்கொள்வதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. இரத்த அழுத்த மாத்திரைகளும் லேசானவை அல்ல. வாந்தி எடுக்க வைக்காமல், காலி அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு 108இல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரைகளைப் பூட்டும் அலமாரியில், பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். கிணற்றை எல்லோரும் நினைப்பார்கள்; வாளியையும் சம்ப் மூடியையும் மறந்துவிடுவார்கள். சில அங்குலத் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் சின்னக் குழந்தையால் எழுந்துகொள்ள முடியாது. குளியலறை வாளிகளைக் கவிழ்த்து வைப்பது வழக்கமாகட்டும்.

மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ குளிர்பான பாட்டிலில் இருந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் அரளிக் காயும் காட்டாமணக்குக் கொட்டையும் வேலியோரம் கிடைக்கும், இரண்டும் விஷம். நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, புளியங்கொட்டை மூச்சுக்குழாயில் சிக்கும். கடலையை நசுக்கியும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுக்கலாம்.

நாய் கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. திட்டு விழும் என்று பிள்ளைகள் பிராண்டலை மறைப்பதுண்டு. குளிப்பாட்டும்போது பாட்டி கை கால்களைப் பார்த்துவிட வேண்டும்.

காய்ச்சல் மருந்தில் ஒரு பொறி இருக்கிறது. பாராசிட்டமால் சொட்டுமருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி.; சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி.; இன்னொரு சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. என்றால், சொட்டுமருந்தில் ஒன்றரை மி.லி., முதல் சிரப்பில் ஆறே கால் மி.லி., இரண்டாவதில் 3 மி.லி. பாட்டில் மாறினால் அளவு நாலு மடங்கும் ஆகலாம். ஆகவே ஒரே பாட்டிலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மகளின் எடைக்கு மருத்துவர் சொன்ன மி.லி. அளவை அதன் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரம் இருக்கட்டும். இருமல் சிரப் வேண்டாம். பேதிக்கு ஓஆர்எஸ் பாக்கெட் நான்கு. ஒரு பாக்கெட்டை, அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீர் முழுவதிலும் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் உப்பு கூடிவிடும். மகளுக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மி.லி., வாய் வாயாக.

பாட்டி மாம்பழமும் அதிரசமும் அதிகமாகக் கொடுப்பார், ஒன்பது மணிக்குமேல் முழித்திருக்க விடுவார். அதைக் கேள்வி கேட்காதீர்கள்.

அப்பா பேரனை மொபெட்டின் முன்னால் நிற்க வைத்துக் கடைக்குப் போகிறார். "உன்னையும் இப்படித்தான் கூட்டிப்போனேன்" என்கிறார். (திருச்சி)

பிரேக் போட்டால் முன்னால் நிற்கும் பிள்ளையின் முகமும் நெஞ்சும்தான் ஹேண்டில்பாரில் மோதும். வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைக்காமல் காசு கொடுக்கும்போது, குழந்தை ஆக்சிலரேட்டரைத் திருகிவிடும் விபத்தும் உண்டு. 2022இல் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதி, 9 மாதம் முதல் 4 வயதுவரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம் என்கிறது. வேகம் மணிக்கு 40 கி.மீ.க்குள். இரண்டையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு, தெருமுனைக் கடைக்கு நடந்தே போகச் சொல்லுங்கள். பேரனுக்கு அதுதான் அதிக சுவாரஸ்யம்.

கனடாவில் இருக்கிறோம். 14 மாத மகன் வீடியோ காலில் சிரிக்கிறான். போன முறை என் பெற்றோர் நேரில் வந்தபோது இரண்டு நாள் அலறினான். அம்மா மனசு உடைந்துவிட்டார். (டொராண்டோ)

எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை புது முகத்துக்குப் பயப்படுவது இயல்பு. தன்னவர் யார், அந்நியர் யார் என்று பிரிக்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பாசம் இல்லை என்று அர்த்தமில்லை. அம்மாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

அடுத்த முறை விமான நிலையத்தில் கைமாற்ற வேண்டாம். வீட்டில் பாட்டி தரையில் உட்காரட்டும். குழந்தையைப் பார்க்காமல் இரண்டு டம்ளரையும் ஒரு கரண்டியையும் வைத்துத் தானே விளையாடிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் அதே அறையில் இருங்கள். அவனாக நகர்ந்து வந்து கரண்டியைப் பிடுங்குவான். தூக்குவதற்கு அவன் கை நீட்டும்வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் வெளியே போகும்போது சொல்லிவிட்டே போங்கள். கண்ணில் படாமல் நழுவினால் பயம் இன்னும் இறுகும்.

வீடியோ கால் சாதாரணத் திரைநேரம் போலல்ல; எதிரில் இருப்பவர் பதிலுக்குப் பதில் பேசுகிறார். நாள்தோறும் ஒரே நேரத்தில், தூங்கி எழுந்த பின், ஐந்து பத்து நிமிடம் போதும். "சாப்டியா, என்ன சாப்டே" என்று விசாரிப்பது இந்த வயதில் எடுபடாது. முந்தானையால் முகம் மூடித் திறப்பது, கை தட்டிப் பாடுவது, வீட்டுப் பூனையைக் காட்டுவது எடுபடும்.

பாட்டி தெலுங்கு, நாங்கள் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். பேச்சு தாமதமாகுமா? (ஓசூர்)

ஆகாது. மூன்று மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் மொழியைக் குறை சொல்லாமல் முதலில் காது கேட்கும் சோதனை செய்யுங்கள்.

விசேஷங்களில் உறவினர்கள் என் நான்கு வயது மகளை இழுத்து முத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். மறுத்தால் "திமிர்" என்கிறார்கள். (நாமக்கல்)

கும்பிடுவது, கைகுலுக்குவது, தள்ளி நின்று சிரிப்பது என மூன்றில் ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும். மரியாதைக்கு அது போதும். "அவ கும்பிடுவா மாமா" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடியும். வேண்டாம் என்ற அவள் சொல்லை வீட்டாரே மதிக்காவிட்டால், தப்பான தொடுதலை உங்களிடம் சொல்லவும் தயங்குவாள். அப்படி ஏதாவது சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். கைக்குழந்தை என்றால் இன்னும் கறாராக இருங்கள்: உதட்டில் புண் உள்ளவர் முத்தமிட்டால் ஹெர்பிஸ் தொற்றும், பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்து.

தாத்தாவுக்குச் சர்க்கரை உண்டு. மூன்று வாரமாக இருமல். பேத்தி அவரோடுதான் தூங்குகிறாள். (வேலூர்)

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். முடிவு வரும்வரை படுக்கை தனி, ஜன்னல் திறந்திருக்கட்டும், முகக்கவசம் போடட்டும். காசநோய் என்று உறுதியானால் வீட்டிலுள்ள 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மருந்து தருவார்கள். காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். அது மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளைத்தான் பெரும்பாலும் தடுக்கும்.

எனக்கு 64 வயது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். இரண்டு வயதுப் பேத்தியைக் காலை எட்டு முதல் இரவு ஏழு வரை நான்தான் பார்க்கிறேன். முட்டி வலி, இடுப்பு வலி. சொன்னால் வருத்தப்படுவார்களோ என்று சொல்லவில்லை. (சேலம்)

சொல்லுங்கள் அம்மா. ஆனால் "முடியல" என்று மட்டும் சொன்னால், "சரி, பார்த்துக்கலாம்" என்று போய்விடும். நேரமாகக் கேளுங்கள்: "மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை எனக்கு வேண்டும், சனிக்கிழமை முழுக்க வேண்டும்." இரண்டு வயது முடிந்த குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்கிறார்கள். காலை நேரம் அங்கே போனாலே பாதிப் பாரம் இறங்கும்.

தூக்குவதைக் குறைக்க வழி உண்டு. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் பேத்தி தானே மடியில் ஏறுவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு படி போடச் சொல்லுங்கள். குளிப்பாட்ட முக்காலியில் உட்காருங்கள், குனிய வேண்டாம். ஒரே பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். இடுப்பு வலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

உங்கள் சாப்பாடும் மாத்திரையும் அவளுக்கு ஊட்டிய பிறகு என்று தள்ளிப்போகிறதா? அதை மாற்றுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து மயக்கம் வந்தால், வீட்டில் இருப்பது இரண்டு வயதுக் குழந்தை மட்டும்தான். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். பகலில் உள்தாழ்ப்பாள் போடாதீர்கள். வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டாக மாற்றச் சொல்லுங்கள். மகன் மதியம் ஒரு மணிக்குத் தினமும் போன் செய்யட்டும். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரை உடனே எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.