யாரைப் பார்க்கப் போகிறாய்?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் மலேசியாவில், பாசிர் கூடாங்கில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை என்னோடு படித்த நண்பன் ஒருவன் சிங்கப்பூரில், சாங்கி சிறையில் இருக்கிறான். போதைப்பொருள் வழக்கு. அவன் செய்தது தப்புதான், நான் நியாயப்படுத்தவில்லை. உள்ளே போய் மூன்று வருடம் ஆகிறது. அவன் அம்மாதான் போய்ப் பார்த்துவந்தார். அவரும் போன வருடம் இறந்துவிட்டார். இப்போது போக ஆளில்லை. நீ வர முடியுமா என்று எனக்கு எழுதினான். விண்ணப்பித்தோம். அனுமதி கிடைத்து, அடுத்த மாதம் ஒரு தேதியும் கொடுத்திருக்கிறார்கள்.

என் பயமெல்லாம் சிங்கப்பூர் எல்லையில், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில்தான். எதற்கு வருகிறாய் என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? கைதியைப் பார்க்க என்று சொன்னால் என் பெயரைக் குறித்துவைப்பார்களா? என் கணவர் சிங்கப்பூரில்தான் வேலை செய்கிறார், அவர் வேலைக்கு ஏதும் ஆகுமா? "லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்க என்று சொல்லிவிட்டுப் போ" என்கிறார் மாமா. "சொந்தக்காரன் என்று சொல், கல்யாணமான பெண் நண்பன் என்று சொன்னால் வேறு மாதிரி நினைப்பார்கள்" என்கிறாள் என் தோழி. அவன் தப்பு செய்தவன்தான், இருந்தாலும் போகாமல் இருக்க மனசு கேட்கவில்லை. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன உடுத்திக்கொண்டு போவது என்றுகூடத் தெரியவில்லை. பெயர் போட வேண்டாம்.

கே.

*

அன்புள்ள கே.,

நீ என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாய். 'நீ' என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது என் மேசையில் ஒரு பழைய கடப்பிதழ் திறந்தபடி கிடந்தது. வீட்டுக்குச் சாயம் அடிக்க அலமாரியை ஒழித்தபோது அகப்பட்டது. அதில் 1994 ஆகஸ்ட் மாதத்து உட்லண்ட்ஸ் முத்திரை ஒன்று இருக்கிறது. அந்த முத்திரையின் கதை என் மனைவிக்குக்கூடத் தெரியாது. மூன்று நாளாக அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் உன் கடிதம் வந்தது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கோயிலுக்குப் போகிற மாதிரி அடக்கமாக உடுத்திக்கொண்டு போ, போதும். மாமியார் விஷயம் உன் வீட்டு விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன். உன் கணவருக்குத் தெரியுமா என்று நீ எழுதவில்லை. தெரியாது என்றால் இன்றைக்கே சொல்லிவிடு.

பெயரைக் குறித்துவைப்பார்களா என்கிறாய். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பாலம் கடக்கிற எல்லோருடைய பெயரும்தான் பதிவாகிறது. கொஞ்சம் யோசித்துப் பார். சிறை அனுமதிக்கு உன் விவரங்களை எல்லாம் நீயே கொடுத்திருக்கிறாய். அனுமதி கொடுத்ததும் அதே நாட்டு அரசாங்கம்தான். அந்த அரசாங்கத்தின் இன்னொரு கவுண்டரில் போய் நின்று, சாமான் வாங்க வந்தேன் என்று சொல்லச் சொல்கிறார் உன் மாமா. முறையாக அனுமதி வாங்கி ஒரு கைதியைப் பார்க்கப் போவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. குடிநுழைவு அதிகாரியிடம் பொய்த் தகவல் கொடுப்பது அங்கே குற்றம். உன் கணவரின் வேலையைப் பற்றிக் கவலை இருந்தால், மாமா சொன்னதைச் செய்யாமல் இரு.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் ஏமாற்று. சிறையிலிருந்து வந்த தேதி உறுதிக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் பாலம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், விடியற்காலையிலேயே கிளம்பு. தனி அறைக்குக் கூட்டிப்போனால் பதற வேண்டாம். சரிபார்க்கத்தான் கூப்பிடுவார்கள். வெளியே சொன்ன அதே வாக்கியத்தை உள்ளேயும் சொல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அவன் எப்படி மாட்டினான், வக்கீல் என்ன சொன்னார் என்றெல்லாம் அவர்கள் கேட்காமல் நீயாக ஆரம்பிக்காதே.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "அங்கேதானே போகிறாய், இதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடு" என்று யார் எதை நீட்டினாலும் வாங்காதே. அவன் சொந்தக்காரர்களே கொடுத்தாலும் வாங்காதே. பலகாரப் பொட்டலமாக இருந்தாலும், கட்டிய சட்டைத்துணியாக இருந்தாலும் வேண்டாம். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு என்கிற நாட்டுக்குள் போகிறாய். பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள். உன் பையை நீயே கட்டு, நீயே தூக்கு.

சரி, இனி அந்தக் கேள்வி.

ஒருவேளை உன்னை யாரும் எதுவும் கேட்காமலே விட்டுவிடலாம். இப்போது உட்லண்ட்ஸில் தானியங்கித் தடங்கள் இருக்கின்றன. முகத்தையும் கண்ணையும் பார்த்துக் கதவு திறந்துவிடுகிறது. உன் கணவரைக் கேள், தினமும் போய் வருகிறவருக்கு இதெல்லாம் தெரியும். அப்படி இருக்கும்போது, இத்தனை இரவு படுக்கையில் கிடந்து யாருக்காகப் பதில் தயார் செய்தாய்? நீ நினைத்துப் பயந்த அந்த அதிகாரியின் முகம் உன் மாமியார் முகமா, பள்ளியில் உங்களோடு படித்தவர்களின் முகமா? பாசிர் கூடாங்கில் உட்கார்ந்திருக்கிறவர்களை எல்லாம் உட்லண்ட்ஸ் கவுண்டரில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறாய்.

உன் சின்னக் கடிதத்தில் அவன் செய்தது தப்பு என்று இரண்டு தடவை வருகிறது. எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். அதை நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அதற்கான தண்டனையை அவன் ஒவ்வொரு நாளும் அனுபவித்துக்கொண்டிருக்கிறான். அவன் பேரை எடுக்கும்போதெல்லாம் அதை நீயும் ஒரு தடவை சொல்லியாக வேண்டும் என்று யார் உனக்குச் சொன்னது? கவுண்டரில் இருப்பவர்கூட அதைக் கேட்க மாட்டார். இதை நீ என்னிடம் சொல்வது, உன்னையும் அவனோடு சேர்த்து நான் எடைபோட்டுவிடக் கூடாது என்பதற்காக. புரிகிறது. ஆனால் அங்கே போய் அவன் முன்னால் உட்காரும்போது உன் முகத்தில் அந்த வரி ஓடக் கூடாது, அம்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவன் அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

நம் ஆட்களிடம் நான் பார்த்து வேதனைப்பட்ட விஷயம் இது. சாவு வீடு என்றால் தோட்டத்து வரிசை வீடுகள் அத்தனையும், லயமே திரண்டு வரும். பந்தல் போட ஒருவன், காப்பி கலக்க ஒருத்தி, பணம் போதாவிட்டால் மொய்ப் பணம். பையன் சிறைக்குப் போன வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அந்த வீட்டுக்காரர்களும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளை புருணையில் வேலை செய்கிறான் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்கிறவர்களுக்கும் உண்மை தெரியும். தெரிந்துகொண்டே, அங்கே சம்பளமெல்லாம் எப்படி என்று விசாரிப்பார்கள். இதில் வளர்ந்துவிட்டு ஒரு கவுண்டரில் போய் நின்றால் வாயில் முதலில் பொய்தான் வரும். அதிகாரியின் மிரட்டலால் வருகிற பொய் இல்லை அது, நாம் வீட்டிலிருந்தே கொண்டுபோவது.

அந்தக் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர்தான். 1924-இல் திறந்தார்கள். 1967-இல்தான் கடப்பிதழ் சோதனை வந்தது. என் அப்பா அதற்கு முன்னால் கூலாயிலிருந்து பஸ் ஏறி, சிங்கப்பூர்த் தேக்காவில் வேட்டி வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார், எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை என்று சொல்வார். பிறகு இரண்டு நாடு, இரண்டு சட்டம். இந்தப் பக்கம் 2023-இல் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. நம் பையன்கள் இரண்டுக்கும் நடுவில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நாகேந்திரன் தர்மலிங்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மலேசியர், 2009-இல் உட்லண்ட்ஸில் பிடிபட்டவர். 42.72 கிராம் ஹெராயின். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. 2021 அக்டோபர் கடைசியில், நவம்பர் 10-ஆம் தேதி தூக்கு என்று பேராக்கில் இருந்த அவர் தாயாருக்குக் கடிதம் வந்தது. கொரோனாவால் எல்லை அடைத்துக் கிடந்த காலம். பிள்ளையைப் பார்க்கப் போவதற்கு என்னென்ன விதிமுறை என்பதும் அதே கடிதத்தில் இருந்தது. தூக்கு தள்ளிப்போய், 2022 ஏப்ரல் 27 அன்று நிறைவேறியது. அதற்கு முந்தின நாள் நீதிமன்றத்தில், கண்ணாடித் தடுப்பில் இருந்த இடைவெளி வழியாகத் தாயும் பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். 'மா' என்று அவர் அழைத்தது அறை முழுக்கக் கேட்டது என்று எழுதினார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் எழுந்து வெளியே போய் நின்றேன். என்னால் உட்கார முடியவில்லை. எனக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. எனக்கு ஞாபகம் வந்தது வேறொரு கண்ணாடி. நான் போய்ச் சேராத கண்ணாடி.

1994. என் நண்பன் ஒருவனும் நானும் ஒரே ரப்பர் தோட்டம், பக்கத்துப் பக்கத்து வீடு. அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே நிரையில் பால் வெட்டினவர்கள். எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது, அவன் சிங்கப்பூரில் கப்பல்பட்டறை வேலைக்குப் போனான். ஒரு சனிக்கிழமை இரவு அடிதடி. ஒருவனுக்கு மண்டை உடைந்தது. இரண்டு வருடம் போட்டுவிட்டார்கள். அவன் வீட்டில் சொன்னதுதான் அந்தப் புருணைக் கதை. நான் மட்டும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பார்க்க வருகிறேன் என்று எழுதி, அனுமதியும் வாங்கினேன்.

ஜொகூர் பாருவில் 170-ஆம் எண் பஸ் ஏறினேன். அப்போதெல்லாம் வெள்ளைக் கார்டில் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று சிவப்பு எழுத்தில் அதில் அச்சடித்திருக்கும். கவுண்டரில் இருந்தவர் தமிழர், என் வயதுதான் இருக்கும். என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"எதுக்குண்ணே வர்றீங்க?"

அவர் தமிழில் கேட்டதுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. மலாயில் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நம் ஆள் ஒருவர் முன்னால், நான் சிறைக்குப் போகிறேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "கல்யாணத்துக்கு" என்றேன்.

அவர் கடப்பிதழை மூடவில்லை. என்னைப் பார்த்தார். "ஆடி மாசத்துலயா?"

எந்தக் கோயில், மாப்பிள்ளை பேர் என்ன, அழைப்பிதழ் எங்கே. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். சட்டைப்பையில் சிறை அனுமதிக் கடிதம் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும் என்று எடுக்காமலே இருந்தேன். இரண்டு மணி நேரம். கடைசியில் எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இதை மொதல்லயே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷம்ணே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முத்திரை குத்தி அனுப்பினார். நான் சாங்கி போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டிருந்தது. அந்த மதிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அப்புறம் நான் விண்ணப்பிக்கவே இல்லை.

அதனால்தான் உன் தோழி சொன்ன அந்தச் 'சொந்தக்காரன்' வேண்டவே வேண்டாம் என்கிறேன். எந்தச் சித்தப்பா வழி, எந்த ஊர் என்று அடுத்த கேள்வி வந்தால் உன்னிடம் பதில் இல்லை. அது ஒரு காரணம்தான். ஆறு வருடம் ஒரே வகுப்பில் உட்கார்ந்தவனுக்கு நண்பன் என்கிற உறவு போதாதா? வர முடியுமா என்று அவன் உன்னைத்தான் கேட்டு எழுதியிருக்கிறான். யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டால், நண்பனை, சாங்கி சிறையில். மலாயில் கேட்டால், 'மெலாவாட் காவான், டி பென்ஜாரா சாங்கி.' தமிழர் யாராவது உட்கார்ந்து தமிழில் கேட்டாலும் அதே பதில்தான். கண்ணாடி முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகு. முதல் பத்துத் தடவை தொண்டை அடைக்கும்.

போய் வந்ததும் எனக்கு எழுத வேண்டும் என்பதில்லை. அவனுக்கு எழுது, அடுத்த தேதி எப்போது என்று.

என் நண்பன் எட்டு மாதம் கழித்து வெளியே வந்தான். கூலாயில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அன்னிக்கு வரேன்னு எழுதியிருந்தியே, பாலத்துல ஜாமா?" என்று கேட்டான். எனக்கு வெளியேற அவனே ஒரு வழி வைத்துக்கொடுத்தான். நான் "ஆமாடா" என்றேன். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. இப்போதும் கூலாயில்தான் இருக்கிறான், பேரப்பிள்ளைகளோடு. நான் எழுதுவதை எல்லாம் கைத்தொலைபேசியில் படித்துவிட்டுக் கூப்பிடுவான். இதையும் படிப்பான்.

டேய், அன்றைக்குப் பாலத்தில் ஜாம் இல்லை.