தப்பிய அவரையில் விதை எடுக்கலாமா?

வணக்கங்க. தாராபுரம் தோட்டத்தில் அவரைத் தண்டு சாம்பல் நிறமாகிச் சாய்ந்தது, தப்பிய ஏழு செடியில் விதை எடுத்தால் நோய் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாங்கலாம். ஆனால் தப்பியதெல்லாம் தாங்கியது ஆகாது. வாய்க்கால் ஓரச் செடி ஈரத்தால்கூடப் பிழைத்திருக்கும். செத்த தண்டின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பொடிப்பொடியாகக் கரும்புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் மேக்ரோபோமினா பூஞ்சாணம். மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து, வெயிலும் வறட்சியும் சேரும்போது கிளம்பும்.

ஏழு செடியின் விதையையும் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். அப்புறம் அதே நோய்ப் பாத்தியில் ஒவ்வொன்றும் ஒரு வரிசை, நடுநடுவே செத்த ரகமும் ஊன்றுங்கள். அது சாக வேண்டும்; சாகவில்லை என்றால் நோயே தாக்கவில்லை என்று அர்த்தம், அந்தப் பட்டத்துச் சோதனை செல்லாது. இந்த வரிசைகளுக்கு மட்டும் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) விதை நேர்த்தி வேண்டாம்; செடி தானாகத் தாங்குகிறதா என்று தெரியாமல் போய்விடும். தேனீ கலப்பு செய்துவிடும், மொட்டிலேயே துணிப்பை கட்டிவிடுங்கள்.