கையெழுத்தை விலைக்கு வாங்கிப் பட்டயப் பொறியியலாளர் ஆகலாமா?

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் சிவில் பொறியியல் முடித்து, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தனியார் ஒப்பந்தகாரரிடம் வேலை செய்கிறேன். பட்டயப் பொறியியலாளர் (சார்ட்டர்ட் என்ஜினியர்) ஆக வேண்டும். வவுனியாவில் ஒருவர் அதற்கான அனுபவ ரிப்போர்ட்டும் எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பொறியியல் பேரவையில் பதிந்தாலே போதும் என்கிறார்கள் வேறு சிலர். எதைச் செய்வது?

பதில்: முதலில் அந்த வவுனியா ஆளின் நம்பரை அழித்துவிடுங்கள், தம்பி. அப்புறம் பேசுவோம்.

நீங்கள் இரண்டு அமைப்புகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது. பட்டயம் தருவது அதுதான். இலங்கைப் பொறியியல் பேரவை 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்தது; தொழில் செய்கிறவர்களைப் பதிவது அதன் வேலை. பட்டயம் பெறாத பட்டதாரிக்கும் அங்கே ஒரு படி உண்டு. அதில் இப்போதே பதியுங்கள், ஆனால் அதை வைத்துப் பட்டயப் பொறியியலாளர் என்று போர்டு மாட்டாதீர்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் படிவம் நிரப்பி, இரண்டு இடத்திலும் காசு கட்டுவது ஏன் என்று என்னைக் கேட்க வேண்டாம். சட்டம் எழுதினவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பட்டயத்துக்கு, நிறுவகத்தில் இணை உறுப்பினராகச் சேர்ந்து, பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் கண்காணிப்பில் அனுபவம் எடுத்து, ரிப்போர்ட் கொடுத்து, நேர்முகத்துக்குப் போக வேண்டும். வழி இவ்வளவுதான். வன்னியில் சின்னச் சின்ன ஒப்பந்தகாரரிடம் அப்படி ஒருவர் இருப்பது அபூர்வம். புரோக்கர்கள் பிழைப்பதும் இந்த இடைவெளியில்தான். உங்கள் சைற்றுக்கு வந்து போகிற நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ வீதி அபிவிருத்தி அதிகார சபையிலோ பட்டயம் பெற்றவர் இருந்தால் நேரே போய்க் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

விலைக்கு வாங்கிய ரிப்போர்ட் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பொடியன் வேலை செய்தது மாங்குளத்துக்கு உள்ளே ஒரு வீதி மதகில். ரிப்போர்ட்டில் கொழும்பு மாடிக் கட்டடத்துக்கு அத்திவாரப் பைல் (நிலத்தூண்) அடித்த கதை! நேர்முகத்தில் கேட்பது வேறு: இங்கே ஹியூம் குழாய் (வட்டக் கொங்கிரீற் குழாய்) போடாமல் ஏன் பெட்டி மதகு கட்டினீர்கள்? மாரியில் வரும் தண்ணியை எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள்? அடி மண் எவ்வளவு தாங்கும்? புரோக்கர் உங்களோடு உள்ளே வந்து உட்காரமாட்டார். சைற் டயரியை இன்றே தொடங்குங்கள்: கொங்கிரீற் போட்ட நாள், கொங்கிரீற்றின் பலம் பார்க்கும் கியூப் சோதனை முடிவு, வரைபடத்தில் நீங்கள் மாற்றியது, மாற்றிய காரணம்.

உங்கள் பட்டத்தில் பிரச்சினை இராது. உங்கள் பிரிவும் ஆண்டும் நிறுவகத்தின் அங்கீகாரப் பட்டியலில் உண்டா என்று மட்டும் பாருங்கள். சிக்கல், தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து படித்துத் திரும்பிய பிள்ளைகளுக்குத்தான். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் 2014இல் முழு உறுப்பினராகின. உடனே எல்லா இந்தியப் பட்டமும் இங்கே செல்லும் என்று புரோக்கர்கள் கதை கட்டிவிட்டார்கள். அது பொய். உடன்படிக்கை பார்ப்பது கல்லூரியை அல்ல, பாடநெறியை. இந்தியாவில் பாடநெறிகளை அங்கீகரிக்கும் சபையான என்.பி.ஏ. 'முதல் அடுக்கு' என்று அங்கீகரித்த பாடநெறிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு, அவை இதில் வராது. கல்லூரி நடத்த ஏ.ஐ.சி.டி.இ. தரும் அனுமதி வேறு, கல்லூரிக்கு 'நாக்' (NAAC) போடும் தரம் வேறு. இரண்டையும் நீட்டிப் பயனில்லை. என்.பி.ஏ. பட்டியலில் தங்கள் பிரிவையும் படித்த ஆண்டையும் தேட வேண்டும். இல்லையென்றாலும் கதவு அடைபடவில்லை: பாட விவரங்களோடு நிறுவகத்திடம் தனி மதிப்பீடு கேட்கலாம். கூடுதலாகப் பரீட்சை எழுதச் சொன்னால் எழுதத்தான் வேண்டும்.

இவர்களைத் தேடி இன்னொரு ஏஜென்ட்டும் வருவார், ஏதோ ஒரு வெளிநாட்டுச் சங்கத்தின் 'சார்ட்டர்ட்' சான்றிதழை மின்னஞ்சலில் எடுத்துத் தருகிறேன் என்று. அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்ப் பேரவையில் பதிந்து காட்டட்டும், பிறகு காசு தருகிறோம் என்று சொல்லுங்கள்.